மணவிழா மேளமும் நம் இளைஞர் குழுக்களும்

(சங்கத்தின் வெள்ளி விழாக் கருத்தரங்கில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

கல்விச் சங்கத்தின் வெள்ளி விழா மேடையில் மேளம் அடிப்பதைப் பற்றிப் பேச வேண்டுமா என்று நம்மவருள் சிலர் எண்ணுவதை அறிவோம். குச்சியைக் கீழே போட்டுவிட்டுப் பேனாவைக் கையில் எடுப்பதற்காகத்தானே இச்சங்கம் இருபத்தைந்து ஆண்டுகள் உழைத்தது என்று அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆயினும் நம் தெருக்களில் இன்று பறைக்குழு வைத்திருப்பவர்களும் பேண்டு வாத்தியக்குழு நடத்துபவர்களும் பெரும்பாலும் படித்த பிள்ளைகளே. பருவக் கட்டணத்தை முகூர்த்த நாள் வருமானத்தில் கட்டுகிற கல்லூரி மாணவர் அவர்களுள் உண்டு. பட்டம் பெற்று வேலைக்குக் காத்திருப்போரும் உண்டு. அவர்கள் நம்மிடம் கொண்டுவரும் குறை இரண்டு. நாள் கிடைப்பதில்லை என்பது ஒன்று. கிடைத்த நாளுக்கு உரிய பணம் கிடைப்பதில்லை என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் பற்றியே இன்று பேசுகிறோம்.

அதற்கு முன் ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். நம் பாட்டன்மார் அடித்த மேளம் தொழிலன்று, ஊழியம். ஊரில் சாவு விழுந்தால் ஆள் வரும், போக வேண்டும். மறுத்தால் களத்தில் நெல் இல்லை, குடியிருக்க இடம் இல்லை. கொடுத்ததை வாங்கிக்கொள்ள வேண்டுமேயன்றிக் கேட்டு வாங்க வாயில்லை. மராட்டிய நாட்டில் மகர் மக்களைப் பரம்பரை பரம்பரையாகக் கட்டிப்போட்டிருந்த வதன் ஊழியம் இத்தகையதே. அதனை எதிர்த்து அண்ணல் அம்பேத்கர் 1928இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் மசோதா கொண்டுவந்தார். தமிழகத்தில் இளையபெருமாள் அவர்கள் தென்னாற்காட்டுச் சிற்றூர்களில் பறையடிக்கும் கட்டாயத்தை எதிர்த்து மக்களைத் திரட்டினார். அவர் தலைமையில் அமைந்த குழு தீண்டாமையின் கொடுமைகளைத் தொகுத்து 1969இல் நடுவணரசுக்கு அறிக்கை அளித்தது. பல ஊர்களில் நம் முன்னோர் பறையை நடுத்தெருவில் போட்டுக் கொளுத்தினார்கள். அது தோலின் மீதும் கட்டையின் மீதும் கொண்ட வெறுப்பன்று. அழைத்தால் வந்தே தீர வேண்டும் என்ற நிலையைத்தான் அவர்கள் எரித்தார்கள்.

ஆகவே, இன்று மேளத்தைக் கையில் எடுக்கும் இளைஞன் ஒரு கேள்விக்கு விடை வைத்திருக்க வேண்டும். “வர முடியாது” என்று சொல்லும் உரிமை தனக்கு இருக்கிறதா என்பதே அக்கேள்வி. இருந்தால் அது தொழில். இல்லையேல், ஆயிரம் ரூபாய் கொடுத்தாலும் அது பழைய ஊழியமே. முன்பதிவு, அச்சாரம், ஒப்பந்தச் சீட்டு என்று நாம் இன்று பேசப்போகிற ஒவ்வொன்றும் அந்த உரிமையின் வெளிப்பாடு என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், கல்விச் சங்க மேடையில் இதற்கு ஏன் இடம் என்ற ஐயமும் நீங்கும்.

“பறை என்றால் சாவு, அதைக் கல்யாணத்துக்கு அழைப்பதாவது!” என்று பெண் வீட்டுக் கிழவி ஒருத்தி சொல்லிவிட்டால் பேசி முடித்த நிகழ்ச்சியும் கைவிட்டுப் போகிறது. இது நம் குழுக்கள் நாள்தோறும் காண்பது. தொல்காப்பியம் ஒவ்வொரு திணைக்கும் உரிய கருப்பொருள்களுள் பறையையும் எண்ணுகிறது. உழவுக்கும் வேட்டைக்கும் போருக்கும் கூத்துக்கும் தனித்தனிப் பறை இருந்த நாடு இது. நிலையாமையைச் சொல்ல வந்த நாலடியார், மணவீட்டில் முழங்கிய பறையே அன்றைக்கே பிணப்பறையாக மாறிவிடுவதைக் காட்டுகிறது. அந்தப் பாட்டின் நோக்கம் வேறு. நமக்கு அதில் கிடைக்கும் செய்தி வேறு. மணப்பறை என்றொரு பறை அக்காலத்துத் திருமணங்களில் இருந்தது என்பதே அது. சாவுக்கு மட்டும் உரியது பறை என்பது பிற்காலத்தில் சாதி கட்டிவிட்ட கதை.

ஆனால் கிழவியிடம் நாலடியாரைச் சொல்லி வாதாடுவதால் நிகழ்ச்சி கிடைக்காது. எங்கள் அனுபவத்தில் பயன் தந்த வழி வேறு. காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, தாய்மாமன் சீர் கொண்டு செல்லுதல் ஆகியவற்றுக்கு முதலில் ஒப்புக்கொள்வது. அங்கே வாழ்த்தடியையும் ஆட்டத்தையும் கண்ட குடும்பம் அடுத்த தை மாதத்தில் தானே அழைக்கும். மதுரை மாவட்டத்து அலங்காநல்லூரைச் சேர்ந்த வேலு ஆசான் அவர்களுக்குப் பறையிசைக்காக 2025இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. அச்செய்தி வெளிவந்த நாளிதழ்ப் பக்கத்தைச் சட்டமிட்டுக் குழுவின் அறையில் மாட்டி வைத்திருக்கும் இளைஞர்கள் இருக்கிறார்கள். நல்ல காரியம் செய்தார்கள். வீட்டுக்கு விலை பேச வருகிறவர் கண்ணில் அது படும்.

இனித் தொழிலுக்கு வருவோம். திருமணத் தொழிலின் முதல் நூல் பஞ்சாங்கம். மார்கழியிலும் ஆடியிலும் மணவிழா இல்லை. புரட்டாசியைப் பலர் தவிர்க்கின்றனர். எஞ்சிய மாதங்களிலும் வளர்பிறை முகூர்த்தங்களுக்கே போட்டி. ஒரே நாளில் ஊரிலுள்ள மண்டபங்கள் அனைத்திலும் கல்யாணம் நடக்கும். அடுத்த பத்து நாள் ஈ ஓட்ட வேண்டியதுதான். எனவே ஆண்டு முழுவதும் பரவலாக நாள் வரும் என்று எதிர்பார்ப்பது அறியாமை. புதுப் பஞ்சாங்கம் கைக்கு வந்த அன்றே முகூர்த்த நாள்களைத் தேதிப் புத்தகத்தில் சிவப்பு மையால் குறித்துவிட வேண்டும். அந்த நாள்களுக்குத் தள்ளுபடி கிடையாது. ஒருவர் கேட்காவிட்டால் மற்றொருவர் கேட்பார். முகூர்த்தமில்லாத ஞாயிற்றுக்கிழமைகளில்தான் பலர் வரவேற்பையும் சீர் நிகழ்ச்சிகளையும் வைத்துக்கொள்கிறார்கள். அந்த நாள்களுக்கு விலையில் சற்று இறங்கலாம். ஆடி மாதம் அம்மன் கோயில்களின் மாதமாதலால், கல்யாணம் இல்லையே என்று கவலைப்பட வேண்டியதில்லை.

கல்யாணம் நிச்சயமானதை நமக்கு முன்னால் அறிகிறவர்கள் யார் என்று எண்ணிப்பாருங்கள். மண்டபத்து மேலாளர் அறிகிறார். ஏனெனில் மண்டபம் கிடைத்த பின்புதான் தேதியே முடிவாகிறது. பத்திரிகை அச்சிடும் அச்சகத்தார் அறிகிறார். பந்தல்காரர், சமையல் ஒப்பந்தக்காரர், புகைப்படக்காரர், மேடை அலங்காரம் செய்பவர் ஆகியோர் அறிகின்றனர். நம் குழுக்கள் சுவரொட்டிக்கும் பெரிய விளம்பரப் பலகைக்கும் செலவிடும் பணத்தில் பத்தில் ஒரு பங்கை இவர்களைச் சென்று காண்பதில் செலவிட்டால் போதும். அதிலும் அச்சகத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பத்திரிகை மாதிரியைப் பார்ப்பதற்காகக் குடும்பமே வந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்கும் இடம் அது. அங்கே நம் குழுவின் முகவரி அட்டை நாலு கிடந்தால் அதைப்போன்ற விளம்பரம் வேறில்லை. புகைப்படக்காரரோடு நட்பு வைத்திருந்தால் மற்றொரு நன்மையும் உண்டு. நம் ஆட்டத்தை அவர் நன்றாகப் படம் பிடித்துத் தருவார். அவருக்கு வேண்டிய இடத்தில் ஒரு நிமிடம் நின்று அடித்துக் கொடுத்தால் அவரும் நம்மை மறவார்.

இப்படி நாள் பிடித்துத் தருகிறவர்களுக்குத் தரகு கொடுக்கலாமா என்று கேட்கிறார்கள். கொடுக்கலாம். ஆனால் அது இவ்வளவு என்று முன்கூட்டியே பேசி முடித்திருக்க வேண்டும். குழுவின் கணக்கில் எழுதப்பட வேண்டும். கலைஞரின் ஊதியத்திலிருந்து பிடிக்கப்படலாகாது. தலைவர் மட்டும் அறிந்த தரகினால் உடைந்த குழுக்கள் நம் வட்டாரத்திலேயே உண்டு.

விலை கேட்டுத் தொலைபேசியில் அழைக்கிற குடும்பம் நாலைந்து குழுக்களை அடுத்தடுத்து அழைக்கிறது. முதலில் எடுத்துப் பொறுமையாக விடை சொன்னவரிடமே பெரும்பாலும் அச்சாரம் கொடுக்கிறது. நம் குழுக்களிலோ முகவரி அட்டையில் மூன்று பேருடைய எண் இருக்கும். ஒருவர் எடுக்கமாட்டார், ஒருவர் “அண்ணனைக் கேட்டுச் சொல்கிறேன்” என்பார், மூன்றாமவர் ஒரு விலை சொல்ல, அண்ணன் பிறகு வேறு விலை சொல்வார். ஒரே எண், ஒரே ஆள், ஒரே தேதிப் புத்தகம் என்பதைக் குழுவின் சட்டமாகவே வைத்துக்கொள்ளுங்கள். அடிப்பதில் வல்லவரே பேசுவதிலும் வல்லவராக இருக்க வேண்டும் என்பதில்லை. ஒரு குழுவில் பட்டப்படிப்பு முடித்த தங்கை ஒருத்தி வீட்டிலிருந்தபடியே தேதிப் புத்தகத்தையும் தொலைபேசியையும் கவனித்துக்கொள்கிறாள். அதற்காக ஒரு கலைஞருக்குரிய பங்கைப் பெறுகிறாள். அந்தக் குழு ஒரே நாளை இருவருக்குக் கொடுத்ததாக நாம் கேள்விப்பட்டதில்லை.

அழைக்கிறவர் அடுத்தபடியாகக் கேட்பது ஒளிப்படம். கைப்பேசியில் எடுத்த பதினைந்து நிமிட நீளப் படத்தை அனுப்பினால் யாரும் பார்ப்பதில்லை. ஒரு நிமிடத்திற்குள் மூன்று காட்சி போதும்: மாப்பிள்ளை ஊர்வலத்தின் முன்னால் வரிசையாகச் செல்வது ஒன்று, வாசலில் பெண் வீட்டாரை ஆட வைத்தது ஒன்று, மேடையருகே அமைதியாக வாழ்த்தடி அடித்தது ஒன்று. கல்யாணப் படத்தோடு சாவு ஊர்வலப் படத்தைச் சேர்த்து அனுப்பிய குழுவும் உண்டு! படத்தில் விருந்தினர் முகம் தெளிவாகத் தெரியுமாயின் அக்குடும்பத்தின் இசைவைக் கேட்டுக்கொள்வது பண்பு.

கேரளத்துச் செண்டை மேளத்தைத் தமிழ்நாட்டுத் திருமணங்களுக்கு விரும்பி அழைக்கிறார்கள் என்று நம் பிள்ளைகள் வருந்துகிறார்கள். வருந்திப் பயனில்லை. அவர்கள் எப்படி வருகிறார்கள் என்று பாருங்கள். ஒரே நிறக் கரை வேட்டி, ஒரே வரிசை, தலைவர் கை அசைத்தால் அத்தனை பேரும் ஒரே கணத்தில் நிறுத்துகிறார்கள். ஊர்வலம் ஆறு மணிக்கு என்றால் ஐந்து மணிக்கு வாசலில் நிற்கிறார்கள். தாளத்தின் நயத்தில் நம் பறை எதற்கும் குறைந்ததன்று. சுண்டுக்குச்சியும் அடிக்குச்சியும் மாறி மாறிப் பேசும் பேச்சுக்கு ஈடு எங்கே? ஆயினும் ஆளுக்கொரு சட்டை அணிந்து, பாதிப் பேர் இரு சக்கர வண்டியிலும் மீதிப் பேர் பேருந்திலும் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தால், அடி தொடங்குவதற்கு முன்பே விலை இறங்கிவிடுகிறது. பேண்டு வாத்தியக்குழுவினர் இதில் முன்மாதிரி. கிளாரினெட்டும் டிரம்பெட்டும் பேஸ் டிரம்மும் தூக்கிய நம் பெரியவர்கள் பித்தானும் தொப்பியும் பளபளக்க நின்ற பழைய படங்களைப் பாருங்கள். அந்தச் சீருடை பொதுச்சாலையில் நிமிர்ந்து நடக்கும் துணிவையும் அவர்களுக்குக் கொடுத்தது.

நிகழ்ச்சியின் அமைப்பைப் பற்றிச் சில சொற்கள். மங்கல நாதசுரத்தோடு போட்டியிட வேண்டியதில்லை. தாலி கட்டும் நேரம் பெரும்பாலான வீடுகளில் அவர்களுடையது. மாப்பிள்ளை அழைப்பும் சீர்வரிசையும் வரவேற்பு வாசலும் நம்முடையவை. சுயமரியாதைத் திருமணத்தைச் செல்லுபடியாக்கிய சட்டம் 1967இல் இயற்றப்பட்டது. அத்தகைய திருமணங்களிலும் தமிழ்முறைத் திருமணங்களிலும் பறை முழக்கத்தோடு தொடங்குவது இன்று பரவியிருக்கிறது. அங்கே மேடையே நமக்குக் கிடைக்கிறது. கிறித்தவத் திருமணங்களில் பேண்டு வாத்தியத்துக்கு நெடுநாளைய இடமுண்டு. எந்த வீட்டுக்கு எது பொருந்தும் என்பதை விலை பேசும்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மாரடியும் சாவு அடியும் மறந்தும் வரக்கூடாது. இளையவர்கள் விளையாட்டாக நாலு தட்டுத் தட்டினாலும் பெரியவர்கள் காதில் அது விழுந்துவிடும். திரைப்பாட்டு மெட்டுகளைக் கேட்பார்கள், அடிக்கலாம். ஆனால் ஊர்வலம் முழுவதும் திரைப்பாட்டே என்றால் அதற்கு ஒலிபெருக்கிப் பெட்டியே போதுமே, நாம் எதற்கு?

மழைக்காலத்தில் தோல் தொய்ந்துவிடும். வைக்கோல் போட்டுக் காய்ச்ச மண்டபத்தில் இடம் தரமாட்டார்கள். மண்டபத்தின் பின்புறம் காய்ச்சுவதற்கு இடம் வேண்டும் என்று முன்பே சொல்லிவிட வேண்டும்; ஐப்பசி, கார்த்திகையில் செயற்கைத் தோல் கட்டிய பறை இரண்டேனும் உடன் எடுத்துச் செல்ல வேண்டும். அதன் நாதம் மாட்டுத் தோலின் நாதம் ஆகாது என்று பெரியவர்கள் சொல்வது உண்மைதான். தொய்ந்த தோலின் நாதத்தைவிட அது மேல் என்பதும் உண்மை.

இனிப் பணம். இதில்தான் நம் பிள்ளைகள் மிகவும் ஏமாறுகிறார்கள். பத்துப் பேர் கொண்ட குழு ஒன்று பதினைந்தாயிரம் ரூபாய்க்கு ஒப்புக்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு 1,500 என்று எல்லாரும் மனக்கணக்குப் போடுகிறார்கள். வண்டி வாடகை 4,000, வழிச்சாப்பாடு 1,000, தரகு 1,500. மிஞ்சுவது 8,500. ஆளுக்கு 850 ரூபாய். மாலை ஊர்வலம், இரவுத் தங்கல், மறுநாள் விடியற்காலை நிகழ்ச்சி என்று ஒன்றரை நாள் உழைத்ததற்கு அது! கட்டட வேலைக்குப் போன அண்ணன் இதைவிடக் கூடுதலாகக் கொண்டுவருகிறான். கணக்கைத் தலைகீழாகப் போட வேண்டும். கலைஞர் ஒருவருக்கு இவ்வளவு என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். பத்துப் பேருக்கு 15,000 என்றால், வண்டி 4,000, சாப்பாடு 1,000, தரகு 1,500, தோலும் உடையும் புதுப்பிக்க 1,500, குழுவின் பொதுநிதிக்கு 1,000 ஆகியவற்றைக் கூட்டினால் 24,000 ஆகிறது. இதற்குக் கீழே வர முடியாது என்று சொல்லும்போது ஏன் முடியாது என்பதையும் நம்மால் எடுத்துக்காட்ட முடியும். பேரம் பேசுகிறவர் கேட்டால் ஆளைக் குறைத்துக்கொள்ளலாம். ஆளுக்குரிய பணத்தைக் குறைக்கலாகாது. “கூலி எவ்வளவு?” என்று கேட்பாருக்குக் “கட்டணம் இவ்வளவு” என்று விடை சொல்லிப் பழகுங்கள். ஒரு சொல்தானே என்று எண்ணாதீர்கள்.

வெற்றிலை பாக்கோடு அச்சாரம் கொடுப்பது நம் நாட்டு வழக்கம். அதை நாம் விட வேண்டியதில்லை. அதனோடு ஒரு சீட்டையும் சேர்த்துக்கொள்வோம். நாள், மண்டபம், வந்து சேர வேண்டிய நேரம், எத்தனை மணி நேரம், எத்தனை பேர், மொத்தத் தொகை, அச்சாரம், மீதி கொடுக்க வேண்டிய நேரம் ஆகியவை அதில் இருக்க வேண்டும். பாதித் தொகை அச்சாரமாகவும், மீதி ஊர்வலம் புறப்படுவதற்கு முன்பும் வந்துவிட வேண்டும். மொய் எண்ணி முடித்த பிறகு தருகிறோம் என்பார்கள். மொய் எண்ணி முடிப்பதற்குள் மண்டபத்துக்காரரும் சமையல்காரரும் பந்தல்காரரும் வரிசையில் நிற்பார்கள். கடைசி ஆள் நாமாகவே இருப்போம். மறுநாள் அந்த வீட்டு வாசலில் போய் நிற்க நேர்ந்தால், அது மறுபடியும் பழைய களத்துமேடுதான்.

சீட்டில் எழுத வேண்டிய மற்றொன்றும் உண்டு. உடை மாற்ற ஓர் அறை. விருந்தினருக்கு இடும் பந்தியில் உணவு. இதை எழுத வேண்டுமா என்று கூசுகிறவர்கள் இருக்கிறார்கள். மண்டபத்தின் பின்னால் குப்பைத் தொட்டிக்கு அருகில் காகிதத் தட்டில் சோறு வாங்கி நின்றுகொண்டு உண்டவர்கள் இந்த அரங்கிலேயே இருக்கிறோம். அதே மண்டபத்தில் மெல்லிசைக் குழுவினர் பந்தியில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களும் இசைக்கத்தான் வந்தார்கள். நாமும் இசைக்கத்தான் போனோம். இவ்விரண்டையும் சீட்டில் அச்சிட்டே வைத்துவிட்டால், அன்றைய தினம் யாரோடும் வாதாட வேண்டியதில்லை. எந்த வீட்டார் அந்த வரியைப் படித்துவிட்டு முகம் சுளிக்கிறார்களோ அந்த வீட்டை முன்கூட்டியே அறிந்துகொள்ளவும் அது உதவும். அச்சாரத்தை அன்றே திருப்பிக் கொடுத்துவிடலாம்.

சட்டத்தை அறிந்த குழுவை நம்பி வீட்டார் நாள் கொடுக்கிறார்கள். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கியும் மேளமும் கூடா. மாப்பிள்ளை அழைப்பை எட்டு மணிக்கே தொடங்கிவிடுங்கள் என்று நாமே சொல்ல வேண்டும். பத்தரை மணிக்குக் காவலர் வந்து நிறுத்தினால் கெடுவது நம் பெயர். ஊர்வலத்துக்குக் காவல் நிலையத்தில் எழுத்துமூலம் தெரிவித்தார்களா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். திரைப்பாட்டு அடித்ததற்கு உரிமைத்தொகை கேட்டு யாரேனும் மிரட்டினால் அஞ்ச வேண்டாம். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, திருமண ஊர்வலத்திலும் திருமணத்தோடு சேர்ந்த பிற நிகழ்ச்சிகளிலும் இசைப்பது உரிமை மீறலாகாது என்கிறது. நடுவணரசு 2023 ஜூலையில் இதனைப் பொது அறிவிப்பாகவும் வெளியிட்டது.

நம்மவர் வீட்டுத் திருமண ஊர்வலத்துக்குப் போகும்போது மட்டும் கூடுதலாக ஒன்றைக் கேட்க வேண்டியிருக்கிறது: எந்தத் தெரு வழியாகப் போகிறோம்? பொதுத்தெருவில் மேளத்தோடு மாப்பிள்ளை வந்ததற்காகக் கல்லெறிந்த ஊர்கள் இந்நாட்டில் இருக்கின்றன. 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015இல் செய்யப்பட்டு 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம், பட்டியல் சாதியார் திருமண ஊர்வலம் செல்வதைத் தடுப்பதைத் தனிக் குற்றமாகவே குறிப்பிடுகிறது. கட்டாய ஊழியம் வாங்குவதும் அச்சட்டத்தில் குற்றம். இவ்விரு வாசகங்களையும் நம் குழுவினர் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். வழி சிக்கலானது என்று தெரிந்தால் காவல்துறையின் பாதுகாப்பை முன்கூட்டியே எழுதிக் கேட்கச் சொல்லுங்கள். போகாமலிருக்கச் சொல்லவில்லை.

குடியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறோம். வீட்டாரே வாங்கிக் கொடுப்பார்கள். அன்பினால் அல்ல, அதிக நேரம் ஆட வைப்பதற்காக. ஒருவன் தள்ளாடினால் பத்துப் பேரின் நாள் போகிறது. நிகழ்ச்சி முடியும்வரை தொடுவதில்லை என்ற விதியை மீறியவரை அடுத்த மூன்று நிகழ்ச்சிகளுக்கு நிறுத்திவைக்கும் குழு ஒன்று உண்டு. அண்ணனென்றும் தம்பியென்றும் பார்ப்பதில்லை. அவர்களுக்கு மண்டபத்து மேலாளர்களே நாள் பிடித்துக் கொடுக்கிறார்கள்.

பள்ளிப் பிள்ளைகளைப் பற்றி இச்சங்கம் கண்டிப்பாக இருக்க வேண்டியிருக்கிறது. ஆள் குறைகிறதென்று ஒன்பதாம் வகுப்புப் பையனை முகூர்த்த நாளில் அழைத்துச் செல்கிறார்கள். அவன் அடிக்கிற அழகைப் பார்த்து நோட்டுக் குத்துகிறார்கள். அடுத்த முகூர்த்தத்துக்கு அவனே பள்ளியை விட்டு வருகிறான். பங்குனி முகூர்த்தமும் பொதுத்தேர்வும் ஒரே காலத்தில் வருகின்றன என்பதை மறக்கலாகாது. விடுமுறை நாளில் மாலைப் பயிற்சிக்கு வரட்டும், கற்றுக்கொள்ளட்டும். பன்னிரண்டாம் வகுப்பு முடிக்காதவரை நிகழ்ச்சிக்கு ஏற்றுவதில்லை என்று எழுதிக் கையெழுத்திட்ட குழுக்களுக்கு மட்டுமே சங்கக் கட்டடத்தில் பயிற்சிக்கு இடம் தருவது என்ற தீர்மானம் செயற்குழுவின் முன் இருக்கிறது. அதை ஆதரிக்க வேண்டுகிறோம்.

பெண்கள் பறையடிப்பதை நாட்டுக்குக் காட்டியது திண்டுக்கல் சக்தி கலைக்குழு. மஞ்சள் நீராட்டுக்கும் வரவேற்புக்கும் பெண்கள் குழுவையே கேட்டு அழைக்கிறவர்கள் இன்று உண்டு. நம் தெருவில் அத்தகைய குழு ஒன்றுகூட இல்லை. பயிற்சிக்கு வர விரும்பும் பெண்களுக்குத் தனி நேரமும், இரவில் திரும்பிவர நம்பகமான வண்டியும் இருந்தால் பெற்றோர் அனுப்புவார்கள் என்று தாய்மார்கள் சொல்கிறார்கள்.

ஒரே நாளில் இரண்டு வீட்டார் கேட்டால் இரண்டாவது வீட்டாரைப் பக்கத்துத் தெருக் குழுவுக்கு அனுப்புங்கள். நடப்பது என்ன? நாம் இருபதாயிரம் சொன்ன வீட்டுக்குப் போய்ப் பதினாலாயிரத்துக்கு முடித்துவிட்டு வருகிறார்கள். அடுத்த மாதம் நாம் அவர்களுக்கு அதையே செய்கிறோம். நமக்கு மூன்று குழுக்கள் இருந்தால் மூன்றும் கூடி அமர்ந்து, இதற்குக் கீழே யாரும் இறங்குவதில்லை என்று ஒரு தொகையை முடிவு செய்யலாம். ஏழு பேர் சேர்ந்தால் 1975ஆம் ஆண்டுச் சங்கப் பதிவுச் சட்டத்தின் கீழ்ப் பதிவு செய்துகொள்ளவும் முடியும். குழுவின் பெயரில் வங்கிக் கணக்கும் தொடங்கலாம். நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் உறுப்பினராகாதவர்கள் நம்மிடையே இன்னும் பலர். கலை பண்பாட்டுத் துறை அலுவலகத்தில் விண்ணப்பம் கிடைக்கும். கருவியும் உடையும் வாங்க இயல் இசை நாடக மன்றம் உதவி வழங்குகிறது. தொழிற்கடனுக்குத் தாட்கோவை அணுகலாம்.

இறுதியாக, நாம் தவிர்த்துச் செல்ல முடியாத ஒரு வினா. கல்யாணத்துக்கு அடிக்கும் குழு சாவுக்கும் அடிக்கலாமா? நம் சங்கத்திலேயே இதில் இரு கருத்துகள் இருக்கின்றன. பெரியவர்கள் கூடாது என்கிறார்கள். சாவு வீட்டு வாசலில் அவர்கள் பட்டதை நாம் படவில்லை. சாவு மேளமும் ஒரு கலையே, நம் சொந்தக்காரன் சாவுக்கு நாம் அடிக்காமல் யார் அடிப்பது என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். கல்யாண வீட்டாரோ சாவுக்குப் போன பறையை வாசலில் ஏற்றத் தயங்குகிறார்கள். அதனால் சில குழுக்கள் இரண்டு தொகுதிப் பறை வைத்திருக்கின்றன. நாங்கள் கண்ட வழி இது. எந்தச் சாவுக்கும் ஆள் வந்து சொன்னால் போவதில்லை. தொலைபேசியில் கேட்க வேண்டும். அதே சீட்டு, அதே அச்சாரம், அதே பந்தி. சாதி முறையைச் சொல்லி அழைத்தால் எவ்வளவு கொடுத்தாலும் இல்லை. நம்மவர் வீட்டுச் சாவுக்குப் பணம் வாங்குவதில்லை. இது எல்லாக் குழுக்களுக்கும் பொருந்தும் என்று சொல்ல வரவில்லை. பெரியவர்களும் இளைஞர்களும் ஒரே பாயில் உட்கார்ந்து பேசித் தீர்க்க வேண்டிய வினா இது. பிற்பகல் அமர்வில் அதற்கென்றே ஒரு மணி நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள்.

ஒப்பந்தச் சீட்டின் மாதிரியும் தேதிப் புத்தகத்தின் மாதிரியும் வாசலருகே மேசை மீது வைக்கப்பட்டுள்ளன. வேண்டுவோர் படியெடுத்துக்கொள்ளலாம். சீட்டில் குழுவின் பெயருக்கு இடம் விட்டிருக்கிறோம். சாதிப் பெயருக்கு இடம் விடவில்லை.